மைக்கில் வாசிக்காத பவுன்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து வரியில் நிற்காது. இருபத்திரண்டு வருஷமாக மசாலா மூட்டைகளின் மேல் பெயர் எழுதிப் பழகிய கை இது. காகிதத்தில் எழுதினாலும் மூட்டையில் எழுதுகிற மாதிரியே பெரிது பெரிதாக வருகிறது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்ற சந்தேகம் எனக்கு ஐந்தாம் வகுப்பில் இருந்தது. அது தீருவதற்குள் பள்ளிக்கூடம் தீர்ந்துவிட்டது. படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மகாராஜபுரத்தில் என்னோடு படித்த நண்பன் இப்போது நம் ஊர் நூலகத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை சேகரிக்கிறான். “வெளிநாட்டு வாழ்க்கையப் பத்தி நாலு பக்கம் எழுதி போட்டோ எடுத்து அனுப்புலே” என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவன். எனக்கு என்ன எழுதத் தெரியும் என்று தள்ளிப்போட்டு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஈப்போவில் ஒரு கல்யாணம். என் அக்காவின் இளைய மகள் சுகன்யாவுக்கு ராஜபாளையத்தில் கல்யாணம் நடந்து அன்றோடு சரியாக ஒரு வருஷம். இரண்டும் ஒரே நாளில் வந்ததால் மனதில் இருந்தது மேலே வந்துவிட்டது. கல்யாணத்துக்கு என்ன செய்வது, எவ்வளவு செய்வது என்று கவலைப்பட்டுத் தூக்கம் கெட்டவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

2

ஈப்போவில் நான் மசாலா அரைக்கும் மில்லில் வேலை பார்க்கிறேன். மிளகாய், மல்லி, மஞ்சள். வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் என் மகள் தர்ஷினி பக்கத்தில் வந்ததும் இரண்டு தடவை தும்முவாள். என் மனைவி இந்த ஊரிலேயே பிறந்தவள்.

இங்கே நம் ஆட்கள் கல்யாணத்துக்கு மொய் வைப்பது வேறு மாதிரி. வாசலில் பூ ஒட்டிய பெட்டி இருக்கும். கவரில் பணத்தைப் போட்டு ஒட்டி, உள்ளே தள்ளிவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். எவ்வளவு என்று வீட்டுக்காரர்கள் பிறகு பிரித்துப் பார்ப்பார்கள். மற்றவர்களுக்குத் தெரியாது.

நான் வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். நோட்டு எழுதுகிறவரைத் தேடினேன், காணவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் பட்டுச்சேலை கட்டி நின்றிருந்தாள். அவள்தான் எழுதுவாள் போல என்று நினைத்து, நேராக நின்று, ஊர் பேர், அப்பா பேர், என் பேர், “முப்பது வெள்ளி” என்று சத்தமாகச் சொன்னேன். ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். அவள் பாவம், “ஓகே அங்கிள்” என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

அப்புறம் அந்தப் பெட்டி எனக்குப் பிடித்துப்போனது. என்னைப் போல் கூச்சப்படுகிறவனுக்கு அது சாமி மாதிரி. இருக்கிறதைப் போடலாம், யாரும் வாசிக்கமாட்டார்கள். நம் ஊரில் அப்படியில்லையே. மேஜை போட்டு, நோட்டு வைத்து, மைக் கட்டி, சமையல்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார்கள். அதிலும் தாய்மாமன் சீர் வரும்போது மேளத்தையே நிறுத்திவிட்டு வாசிப்பார்கள்.

3

என் அக்கா முத்துமாரிக்கு ராஜபாளையத்தில் வீடு. அத்தான் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் ஜெயா, இளையவள் சுகன்யா. எனக்கு அப்பா அம்மா இல்லை. அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். ஆகவே தாய்மாமன் சீர் என்றால் அது என் தலைக்குத்தான்.

ஜெயாவுக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. அதற்கு நான் போக முடியவில்லை. நிரந்தரமாகத் தங்குவதற்கான சிவப்பு அட்டைக்கு மனுப் போட்டிருந்தேன். என் பாஸ்போர்ட் அந்த அலுவலகத்திலேயே மாட்டிக்கொண்டது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே சொன்னார்கள். நான் மில்லில் மிளகாய்ப் பொடி சலித்துக்கொண்டிருந்தபோது ராஜபாளையத்தில் தாலி கட்டியாகிவிட்டது.

போக முடியாத குறைக்கு ஐந்து பவுன் செய்தேன். ஊருக்குப் போன ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டேன், அத்தான் போய் நகை வாங்கினார். அன்றைக்கு அத்தான் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மைக் சத்தம் எனக்கு மில் இரைச்சலுக்கு நடுவே கேட்டது. “தாய்மாமன், மலேசியா, பவுன் அஞ்சு!” கொஞ்சம் விட்டு மறுபடியும், “தாய்மாமன், மலேசியா, பவுன் அஞ்சு!” எதற்கு இரண்டு தடவை வாசித்தார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஊரே கேட்டிருக்கும் என்று மட்டும் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் பிறகு வினையாக வந்து நின்றது.

4

இரண்டு பெண்கள் இருந்தால் தாய்மாமன் இரண்டு பேருக்கும் ஒன்றுபோலச் செய்ய வேண்டும். மூத்தவளுக்கு ஐந்து என்றால் இளையவளுக்கும் ஐந்து. குறைத்தால் இளையவளின் மாமியார் வீட்டில் கேட்பார்கள். கூட்டினால் மூத்தவளின் புருஷன் கேட்பார்.

ஜெயா கல்யாணம் முடிந்த மாதத்திலிருந்தே ஒரு பிஸ்கட் டின்னில் மாதம் நூற்றைம்பது வெள்ளி போட்டு வந்தேன். டின் ஒழுங்காகத்தான் நிறைந்தது. தங்கம் அதைவிட வேகமாகப் போனது. நடுவில் என் மனைவிக்கு சிறுநீரகக் கல் எடுத்தபோது டின்னில் கை வைக்க வேண்டியதாயிற்று. சுகன்யாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது, மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அக்கா போன் செய்தபோது, டின்னைத் தரையில் கொட்டி எண்ணினேன். விமான டிக்கெட், பட்டுச்சேலை, தட்டு, பழம் எல்லாம் கழித்தால் இரண்டு பவுன் வரும். அந்த இரண்டுக்கு ஆகிற பணமே, அன்றைக்கு ஐந்துக்குக் கொடுத்ததற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் மைக்கில் விலை வாசிக்கமாட்டார்கள். எடையைத்தான் வாசிப்பார்கள்.

இதை அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் பேசுகிறோம். “மழை பெஞ்சுச்சா?” என்பேன். “பிளவக்கல் டேம்ல தண்ணி கெடக்காம்” என்பாள். “முட்டுவலி எப்டி இருக்கு?” என்பேன். “இருக்கு” என்பாள். சீரைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று மாதம் இப்படியே போனது.

சிவப்பு அட்டை உள்ளவர்கள் நாட்டைவிட்டுப் போய்த் திரும்பி வர அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அலுவலகத்துக்கு என் மனைவியும் கூட வந்தாள். எதற்காக இந்தியா போகிறீர்கள் என்று அதிகாரி மலாயில் கேட்டார். நான் பதற்றத்தில், ‘அக்கா மகளுக்கு’ என்பதை விட்டுவிட்டு, “எனக்குக் கல்யாணம்” என்று வருகிற மாதிரி சொல்லிவிட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார். “இந்த அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா?” என்றார். என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கவுண்டரிலும் சிரித்தார்கள். முத்திரை சீக்கிரம் விழுந்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. என் நெஞ்சில் இரண்டு பவுன் கல் மாதிரி கிடந்தது.

மூன்று டிக்கெட்டுக்குப் பணம் கட்டாது என்று மனைவி இங்கேயே நின்றுகொண்டாள். தர்ஷினி முதலில் வரமாட்டேன் என்றாள். அவளுக்குப் பதினாறு வயது. அத்தை, மாமா, மச்சான் எல்லாம் அவளுக்கு ஆண்ட்டி, அங்கிள்தான். “எனக்கு அங்க யாரையுமே தெரியாது லா, அப்பா” என்றாள். அவள் சொன்னது உண்மை. அதற்காகவே அழைத்துப் போனேன்.

5

நகையை ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கினேன். கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. அக்காவைக் கூட்டிப் போகவில்லை. கடையில் இருந்த பெண் “யாருக்குண்ணே?” என்று கேட்டாள். அக்கா மகளுக்கு என்றேன். தாய்மாமன் என்று தெரிந்ததும் அவள் பெரிய ஆரம் ஒன்றை எடுத்து விரித்தாள். நான் அதை ஒரு விரலால் மெதுவாக அவள் பக்கம் தள்ளினேன். அடுத்ததையும் தள்ளினேன். மூன்றாவதாக இரண்டு பவுனில் ஒரு சங்கிலி வந்தது. மெலிசாக இருந்தாலும் வேலைப்பாடு நன்றாக இருந்தது.

வெளியே வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தங்கம் குறைந்தால் என்ன, தட்டைக் கூட்டிவிடலாமே. சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். ஜெயாவுக்குப் பதினொன்று. நான் இருபத்தொன்று என்று நினைத்து, கடைத்தெருவில் நடக்க நடக்க முப்பத்தொன்று ஆக்கிவிட்டேன். ஆப்பிள் தனித் தட்டு, மாதுளை தனித் தட்டு, கற்கண்டு, பேரீச்சை, மஞ்சள் கிழங்கு, வளையல். ஒரு தட்டில் சீப்பும் கண்ணாடியும். ஒரு தட்டில் வெறும் சோப்பு. முப்பத்தொரு தட்டு வரிசையாக வந்தால் பார்க்கிறவர்கள் கண் தங்கத்தில் நிற்காது என்பது என் கணக்கு.

“ஏன்பா சோப்புக்கு ஒரு தட்டு?” என்றாள் தர்ஷினி.

“அது முறை” என்றேன். அப்படி ஒரு முறை கிடையாது.

6

கல்யாணத்தன்று காலையில் மண்டப வாசலில் தட்டுகளை வரிசையாக வைத்தோம். அப்போதுதான் தெரிந்தது, தூக்க ஆளில்லை என்று. தாய்மாமன் சீரைத் தாய்மாமன் வகையறாதான் தூக்கி வர வேண்டும். என் வகையறா என்று மகாராஜபுரத்திலிருந்து வேனில் வந்தவர்கள் பதினெட்டுப் பேர். நானும் தர்ஷினியும் சேர்த்து இருபது. பதினொரு தட்டு தரையில் கிடந்தது.

மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் வந்து பார்த்தார். “இதென்ன, தட்டு இம்புட்டு இருக்கு, ஆளக் காணோம்?” என்றார். பிறகு திரும்பி, “ஏட்டி, வாங்கட்டி எல்லாரும், ஆளுக்கொண்ணு தூக்குங்க! நமக்கு வர்ற சீர நாமளே தூக்கிட்டுப் போவோம்” என்று கூப்பிட்டார். அவர்கள் வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே வந்து தூக்கினார்கள். சோப்புத் தட்டைத் தூக்கிய பெண், “மலேசியா மாமா எங்கள மொதல்ல குளிச்சிட்டு வரச் சொல்லுதாரு” என்றாள். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

அது போதாதென்று ஜெயாவின் புருஷன் வந்து என் தோளில் கை போட்டார். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். “மாமா, எனக்கு அஞ்சு. சகலைக்கு எம்புட்டு? ஆறு கிறுன்னு போட்டியன்னா, நான் பந்தியிலயே ஒக்காந்து மறியல் பண்ணுவேன்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெரியம்மா, “மலேசியா மாமன்னா சும்மாவா? ஏழாவது இருக்கும்” என்றார்.

மைக்கில் இரண்டு என்று வாசித்தால் என் மானம் போவது இருக்கட்டும். நான் அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவேன். அக்கா இங்கேயே இருக்க வேண்டியவள். சுகன்யா அந்த வீட்டில் விளக்கேற்றப் போகிறவள். ‘ஒன் மாமன் ஒனக்கு மட்டும் கொறச்சுட்டாரா?’ என்று ஒருத்தர் கேட்டால் போதும். அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

கூச்சத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு மொய் மேஜைக்குப் போனேன். மொய் எழுதுகிறவர் வேலுச்சாமி அண்ணாச்சி. அத்தான் வேலை பார்த்த பஞ்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், ஜெயா கல்யாணத்துக்கும் அவர்தான் மைக் பிடித்தவர். மேஜையில் நோட்டைப் பிரித்து மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, செத்த நேரம்... ஒரு சின்ன விஷயம்.”

“யாரு, முத்துமாரி தம்பியா? சொல்லும்.”

“சீரு வாசிக்கையில... பவுன் எம்புட்டுன்னு மட்டும் சொல்லாம விட்டா...”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏய்யா, அக்காளும் தம்பியும் பேசி வச்சுக்கிட்டு வந்தியளா? நேத்து சாயங்காலம் ஒங்க அக்கா வந்து இதையேதான சொல்லிட்டுப் போச்சு.”

“அக்காவா?”

“ஆமா. ‘அண்ணே, எந்தம்பி என்ன கொண்டாந்திருக்கான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் மாட்டேன். விக்கிற வெலையில அவன் எங்குட்டுப் போவான்? எடைய மட்டும் வாசிச்சிராதிய’ன்னுச்சு. நான் சொன்னேன், ஏத்தா, ரேட்டு ஏறுனதுலருந்து எந்தக் கல்யாணத்துலயும் நான் பவுன் வாசிக்கிறதில்ல. வாசிச்சா தாய்மாமமாரு என்னைய அடிக்க வருதாங்க. இப்பம்லாம் ‘சீர் வந்து சேந்தது’, அம்புட்டுத்தான்.”

நான் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது ஊரில் எப்போதோ நின்றுபோன ஒரு வழக்கத்துக்கு.

அண்ணாச்சி இன்னும் முடிக்கவில்லை. “ஆனா ஒங்க அக்கா லேசுப்பட்ட ஆளு இல்ல, பாத்துக்கிடும். மூத்த பிள்ள கல்யாணத்துல ‘எந்தம்பி வரல, அவன் பேராச்சும் நல்லாக் கேக்கட்டும், ரெண்டு தடவ வாசிங்க’ன்னு எங்கிட்ட வந்து நின்னதும் அதே பொம்பளதான். இப்ப ‘வாசிக்காதிய’ங்குது. நான் யாரு சொல்லக் கேக்க?”

7

மேளம் நின்றது. அண்ணாச்சி மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். என் முன்னால் தர்ஷினி இரண்டு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தூக்க ஆளில்லாத தட்டு ஒன்று கடைசியில் அவளிடம் வந்திருந்தது. மணமேடைக்குப் பக்கத்தில் அக்கா நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாய்மாமன் சீர் வந்து சேர்ந்தது. தாய்மாமன், மலேசியாவுலருந்து, மகளக் கூட்டிக்கிட்டு நேர்ல வந்திருக்காரு.”

கொஞ்சம் விட்டு மறுபடியும்.

“தாய்மாமன், மகளோட, நேர்ல வந்திருக்காரு!”

இரண்டாவது தடவை அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மேளம் தொடங்கிவிட்டது. பந்திக்கு இலை போட்டாயிற்று என்று சத்தம் வந்ததும் ஜெயாவின் புருஷன் முதல் ஆளாகப் போய்விட்டார். நான் சங்கிலிப் பெட்டியை சுகன்யாவின் கையில் கொடுத்தபோது அவள் திறந்து பார்த்துவிட்டு, “நல்லாருக்கு மாமா” என்று சொல்லிக் கழுத்தில் போடச் சொன்னாள். கொக்கி என் கைக்குச் சிக்கவில்லை. தர்ஷினிதான் மாட்டிவிட்டாள்.

சாப்பிட்டு முடித்து வந்தபோது மேஜையில் நோட்டு திறந்து கிடந்தது. முதல் பக்கத்தில் முதல் வரி என் பெயர். மற்றவர்கள் பெயருக்கு நேரே தொகை இருந்தது. என் பெயருக்கு நேரே “நேரில்” என்று எழுதியிருந்தது. தர்ஷினி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

அக்காவும் நானும் இதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரையும் பேசவில்லை. ஈப்போவுக்குக் கிளம்புகிற அன்று ஒன்று மட்டும் சொன்னாள்.

“செயினு நல்ல கனம்லே.”

“கனமாவா இருக்கு?”

“இருக்கு” என்றாள். சொல்லிவிட்டு தர்ஷினிக்குத் தலைவாரப் போய்விட்டாள். என் மகள், ஆண்ட்டி என்று சொல்லாமல், “அத்தை, மெதுவா, வலிக்குது” என்று கத்தியது எனக்கு வாசல் வரைக்கும் கேட்டது.

8

ஊரில் உள்ளவர்களுக்கும், என்னைப் போல் வெளியே இருக்கிறவர்களுக்கும், அனுபவப்பட்டதில் சிலதைச் சொல்கிறேன். உங்களுக்கு ஒருத்தர் வைத்த மொய்யைத் திருப்பி வைக்கும்போது கொஞ்சம் கூட்டி வையுங்கள். அது நியாயம். ஆனால் நோட்டைப் பார்த்து, இருக்கிற நிலைமையைப் பார்த்து, வீட்டிலேயே தொகையை முடிவு செய்துவிடுங்கள். மண்டபத்துக்குப் போய்ப் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்து மாற்றாதீர்கள். தாய்மாமனாக இருந்தால் டின்னில் போடுவது பாதி வேலைதான். எவ்வளவு முடியும் என்பதைக் கூடப்பிறந்தவளிடம் இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூன்று மாதத் தூக்கமும் சோப்புத் தட்டும் மிச்சமாகியிருக்கும். தட்டைக் கூட்டுவதற்கு முன்னால் தூக்குகிற ஆளை எண்ணுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நடந்தது எங்கள் மில் முதலாளியின் மகள் கல்யாணம். முதலாளி வீடு என்பதற்காக இருநூறு வைக்கலாமா என்று முந்தின நாள் முழுவதும் யோசித்தேன். கடைசியில் எப்போதும் வைக்கிற ஐம்பது வெள்ளியைத்தான் கவரில் போட்டேன். போட்டதும் மனசு லேசாக இருந்தது. மேலே பெயர் எழுதுவதற்குத் தர்ஷினியிடம் கொடுத்தேன். என் எழுத்து மூட்டை எழுத்து என்று அவளுக்கும் தெரியும்.

அவள் என் பெயரை எழுதினாள். தமிழில்தான் எழுதினாள். கீழே இன்னொரு வார்த்தை எழுதி என்னிடம் காட்டினாள்.

நேரில்.

“ரெண்டு தடவ எழுதவா, அப்பா?” என்றாள்.

நண்பன் கேட்ட நாலு பக்கம் இத்தோடு முடிந்தது. ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டதை ஒருவழியாக எழுதிவிட்டேன்.

ஈப்போ,
ஆவணி 20, வெள்ளிக்கிழமை.